பிந்தி வந்த கோடி

செவ்வாய்க்கிழமை விடிந்ததுமே ஆண்டிச்சாமி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஈரத்துணியால் துடைத்து வாசலில் போட்டுவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் துக்கம் விசாரிக்க, கேதம் கேட்க என்று யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அறுபத்திரண்டு வயசு மனுஷர். எத்தனை சாவு வீட்டுக்குப் போய்க் கை நனைத்தவர். ஆனாலும் செப்டம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து மாவட்டத்துக்குள் பஸ் ஓடும் என்று டிவியில் சொன்னது முதல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நாற்காலி போட்டதுதான் மிச்சம். பேப்பர் போடுகிறவன் கேட்டுக்கு வெளியே இருந்தே வீசிவிட்டுப் போனான். எதிர்வீட்டுக்காரர் கார் கழுவினார். இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், மாஸ்க்குக்குள் சிரித்தாரோ என்னவோ, யார் கண்டது. மத்தியானம் ஒரு நாய் வந்து நாற்காலி நிழலில் படுத்துக்கொண்டது. அதை விரட்ட அவருக்கு மனசு வரவில்லை.

மனைவி ஒச்சாயி கண்ணை மூடி ஐந்து மாதம் ஆகப் போகிறது. ஒரு ஆள் வந்து படியேறி, எதிரே உட்கார்ந்து, "என்ன ஆச்சு" என்று கேட்டதில்லை. எல்லாரும் போனிலேயே கேதம் கேட்டு முடித்துவிட்டார்கள். அப்போதெல்லாம் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் கொரோனா அறிவிப்பு வந்து ஒரு இருமல் கேட்கும், பிறகு ஒரு அம்மாள் கைகழுவச் சொல்லுவார், அதற்கப்புறம்தான் சொந்தக்காரர் குரல் வரும். "ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. தண்ணி கொண்டாரதுக்குள்ள…" என்று ஆண்டிச்சாமியும் எத்தனை பேருக்குத்தான் சொல்லுவார். சொல்லிச் சொல்லி, கடைசியில் அது வேறு யாரோ பெண்டாட்டியின் கதை மாதிரி ஆகிவிட்டது. அழுகையும் வரவில்லை. வெறும் போனைப் பார்த்து எப்படி அழுவது?

மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மதுரை கே.கே. நகரில் கடன் வாங்கிக் கட்டிய வீடு. கீழே இவர்கள், மாடியில் ஒரு சின்னப் போர்ஷன் வாடகைக்கு. பிள்ளை என்று ஒரே மகள், பாண்டிமீனா. டி. கல்லுப்பட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. வாராவாரம் படிக்கிற வாசகர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதை. தெரியாதவர்களுக்காக ஏப்ரல் மாதத்தில் நடந்ததை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த வாரக் கதை புரியாது.

கல்யாணமாகிப் போன பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வரவேண்டும். அதுதான் கோடி. அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து கொடுத்து, அதைப் போட்ட பிறகுதான் எடுப்பார்கள். எத்தனை பட்டு வைத்திருந்தாலும் சரி, பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் ஒரு பெண்ணைத் தூக்கினால் அது அவளை அநாதை என்று சொன்ன மாதிரி.

ஒச்சாயிக்கு ஒரே தம்பி, சிவனாண்டி. கொட்டாம்பட்டிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊரில் விவசாயம். அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அன்றைக்குத் தகவல் போனதும் பூட்டிக் கிடந்த ஜவுளிக்கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி, பின்கதவு வழியாக ஒரு சேலை வாங்கிக்கொண்டு டி.வி.எஸ்ஸில் கிளம்பிவிட்டான். ஊரடங்கு என்று மேலூரில் போலீஸார் மறித்தார்கள். பாஸ் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் வாய்க்கால் கரை, கண்மாய்க் கரை என்று சுற்றிச் சுற்றி வந்தான். வழியில் போனும் செத்துப்போனது.

இங்கே மயானத்து வண்டி வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு இடம் போகணும் சார் என்றான் டிரைவர். தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டார்கள், ஏதோ கொரோனாவில் செத்த மாதிரி. சிவனாண்டிக்குப் போன் போட்டால் போகவில்லை. ஆண்டிச்சாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் "எடுங்க" என்று சொல்லிவிட்டார்.

சிவனாண்டி வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். வாசல் வரைக்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை. மயானத்திலிருந்து திரும்பி வந்து குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்ற ஆண்டிச்சாமியை ஒரு பார்வை பார்த்தான். இந்த வீட்டில் இனி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றான். திரும்பிப் போய்விட்டான். ஜூன் மாதம் கொஞ்ச நாள் பஸ் ஓடியதே, அப்போதும் வரவில்லை. அப்புறம் மதுரையை மறுபடியும் பூட்டிவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் போன வாரம் மீனா அந்தக் காரியத்தைச் செய்தாள். மாமாவுக்குப் போன் போட்டு, "பொங்கச் சீருக்கு நீங்க எடுத்துக் குடுத்த சேலையத்தான் மாமா அம்மாவுக்குக் கோடியாப் போட்டு அனுப்புனோம். நீங்க கேக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டாள். அவனும், புதன்கிழமை வாரேன் என்றானாம்.

அவள் சொன்னது பொய். ஆனாலும் அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அப்பா பாக்கெட் மாவில் தோசை ஊற்றித் தின்றுவிட்டு, நாள் பூராவும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எந்த மகள்தான் தாங்குவாள்?

*

புதன்கிழமை முதல் பஸ்ஸுக்கே மீனா வந்துவிட்டாள். பஸ்ஸில் ஆளே இல்லை, சீட்டுக்கு ஒருத்தராக உட்கார வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே கேட்டுக்கு வெளியே நின்று கையில் சானிடைசரைத் தேய்த்தாள். ஆண்டிச்சாமிக்குக் கோபம். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் பஸ்ஸில் வருவாளா ஒருத்தி? மருமகன் முத்துக்குமரனுக்குத்தான் புத்தி வேண்டாமா?

ஆமாம், மீனா முழுகாமல் இருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து. அந்தச் சேதி போனில் வந்த அன்றைக்கு ஆண்டிச்சாமி, "ஏ ஒச்சாயி" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டார். திரும்பிய பிறகுதான் உறைத்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. சாயங்காலம் கரண்டு ரீடிங் எடுக்க வந்த பையன் பழைய ஆபீஸ் ஆள் என்று நின்று நலம் விசாரித்தான். அவனிடம் சொன்னார். அவன் "சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

மீனா வந்ததும் வராததுமாக வீட்டைக் கூட்டினாள், அடுப்பைப் பற்றவைத்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சவரம் பண்ணச் சொன்னாள். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மாடியில் குடியிருப்பவர் சோலையம்மாள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் சுத்தம் பண்ணுகிற வேலை. மார்ச் மாதம் ஊரடங்கு வந்த புதிதில், ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற ஆளைக் காலி பண்ணச் சொல்லுங்கள் என்று தெருவே வந்து ஆண்டிச்சாமியிடம் நின்றது. ஒச்சாயிதான் வாசலுக்கு வந்து, அவ எங்கயும் போகமாட்டா, நீங்க போங்க என்று சொல்லி அனுப்பினாள். வந்தவர்களில் ஒருவரும் அதற்கப்புறம் இந்த வீட்டில் தயிருக்குப் புரை வாங்க வரவில்லை.

படிக்கட்டு அடியில் நின்ற ஆண்டிச்சாமிக்கு மேலே பேசுவது கேட்டது. மாமா வந்து போகிற வரைக்கும் கீழே வரவேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா என்று மீனா கெஞ்சிக்கொண்டிருந்தாள். "சரி கண்ணு. எனக்கு என்ன இருக்கு" என்றார் சோலையம்மாள்.

ஆண்டிச்சாமிக்கு உடம்பு கூசியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிவனாண்டி வரவேண்டும் என்கிற ஒரே ஆசையில் மனுஷர் வாயை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சோலையம்மாளை எதற்கு ஒளித்து வைக்கவேண்டும் என்கிறீர்களா? பொறுங்கள், அவன் வரட்டும்.

*

சிவனாண்டி பத்து மணி வாக்கில் வந்தான். மாஸ்க் இல்லை. துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தான். கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. ஆள் பாதியாகிப் போயிருந்தான். அக்காள் இருந்தால் அந்தக் கோலத்தைப் பார்த்து முதலில் ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் சோறு போட்டிருப்பாள்.

கேட்டுக்கு வெளியே கொஞ்சம் நின்றான். பிறகு உள்ளே வந்து வாசல்படியோரம் செருப்பைக் கழற்றினான். ஆண்டிச்சாமி எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார். நம் பக்கத்தில் ஆம்பளைகள் கேதம் கேட்பது அப்படித்தான். ஒருத்தர் நீட்டிய கையை மற்றவர் தொடவேண்டும், அவ்வளவுதான். மீனா சானிடைசர் பாட்டிலைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

சிவனாண்டி அந்தக் கைகளைத் தொட்டான். தொட்டவன் விடவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. ஆண்டிச்சாமியை மனுஷக் கை ஒன்று தொட்டு ஐந்து மாதம். அத்தனை நாள் போனுக்கு முன்னால் வராத அழுகை அவருக்கு அப்போது வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். சிவனாண்டியும் அழுதான். துண்டு நனைந்து மூக்கிலிருந்து கீழே இறங்கிவிட்டது. மீனா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "எங்கம்மா" என்று ஆரம்பித்தவள் மேற்கொண்டு முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழுது முடித்தபின் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். சிவனாண்டி கேட்டான், ஆண்டிச்சாமி சொன்னார். ராத்திரி என்ன சாப்பிட்டாள், காலையில் எந்தப் பக்கம் வலித்தது, கடைசியாக என்ன பேசினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். இந்தத் தடவை சொல்லும்போது அது அவருடைய பெண்டாட்டி கதையாகவே இருந்தது. அவனும் சொன்னான். வாய்க்கால் கரையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததைச் சொன்னான். இந்தச் சேலையை வீட்டில் வைக்கவும் முடியாமல் வெளியே போடவும் முடியாமல் மாட்டுக் கொட்டத்து மச்சில் சொருகி வைத்திருந்ததைச் சொன்னான். அதை ஆற்றில் விட்டுவிடு என்று அவன் பெண்டாட்டி தினமும் சொல்லுவாளாம். எப்படி விடுவது? அக்காவுக்கு என்று எடுத்தது, அக்கா வீட்டிலேயே கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்தானாம்.

"மீனா போன் பண்ணுன அன்னைக்குத்தான் மச்சான் நான் கவலையில்லாம ஒறங்குனேன்" என்றான். "எஞ்சேலையோடதான் போயிருக்கு எங்கக்கா. அது தெரியாம ஒங்கள என்னென்னமோ பேசிட்டேன்."

ஆண்டிச்சாமி தரையைப் பார்த்தார். மீனா எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சிவனாண்டி அதை வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தான். குடித்து முடித்து வாயைத் துடைத்தபோதுதான் மீனாவை நன்றாகப் பார்த்தான் போல. எத்தனை மாசம் தாயி என்றான். அவள் சொன்னாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. உட்கார்ந்த இடத்திலேயே மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துச் சேலையை உருவினான். மஞ்சள் உடம்பு, சிவப்புக் கரை. சுமங்கலியாகப் போனவளுக்கு என்று பார்த்து எடுத்தது. கொட்டத்தில் கொசுவுக்குப் போடும் மூட்டப் புகை வாடை அடித்தாலும் மடிப்புக் கலையவில்லை.

"இந்தா தாயி. அக்காவுக்கு உள்ளது அக்காவுக்குப் போயிருச்சு. அந்தக் கடன் தீந்துச்சு. இது யாரு மேலயும் படாத புதுச் சேலை. புள்ளத்தாச்சிக்கு மாமன் எடுத்துக் குடுத்ததா இருக்கட்டும். கட்டிக்க."

ஐயோ, இப்படி ஒரு வினை வரும் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாளா?

அவன் பேச்சில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. மீனா சொன்னது உண்மையாக இருந்தால் அது வெறும் புதுச் சேலைதான். ஆனால் அது பொய். பொய்யாக இருந்தால் அந்தச் சேலை இன்னும் ஒச்சாயிக்குப் போய்ச் சேராத கோடி. பிணத்துக்கு என்று எடுத்தது. அதைப் பிள்ளைத்தாச்சி கட்டுவதா?

மீனாவுக்கும் அது தெரியும். அவள் முகம் வெளுத்துவிட்டது. என்றாலும் மாமாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மெதுவாக முந்தானையை ஏந்தினாள். மாமன் போய்விடக்கூடாது. அதற்காக எதையும் வாங்கிக்கொள்ளத் துணிந்துவிட்டாள்.

"வாங்காத ஆத்தா" என்றார் ஆண்டிச்சாமி.

இருவரும் அவரைப் பார்த்தார்கள். மீனா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவருக்கும் நன்றாகத் தெரியும், இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கை தம் கையைப் பிடித்திருந்தது. அது இனிமேல் இல்லாமல் போகலாம். மறுபடியும் சுவரும் பாக்கெட் மாவும்தான். வாசலில் நாற்காலி போட்டாலும் வருவதற்கு ஆள் இருக்காது. எல்லாம் தெரிந்துதான் சொன்னார்.

"மாப்ள, ஒஞ்சேலை அவளுக்குப் போகல. நீ குடுத்த பொங்கச் சேலைய அவ தைப்பூசத்துக்கே கட்டிட்டா. கட்டுனதக் கோடியாப் போட முடியுமா? இந்தப் புள்ள நம்ம ரெண்டு பேரையும் சேத்து வைக்கணும்னு அப்படிச் சொல்லிருச்சு."

சிவனாண்டி நீட்டிய கையை மடக்கவில்லை. சேலை கையிலேயே இருந்தது. "அப்ப எங்கக்கா வெறுமனேயா போச்சு?"

"இல்ல. கோடியோடதான் போனா. மாடியில குடியிருக்கிற சோலையம்மா போட்டுச்சு."

இதைத்தான் ஒளித்து வைத்தார்கள். கோடி இல்லாமல் போனாள் என்றால் காலத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். பிறந்த வீட்டு உரிமையைச் சம்பந்தமே இல்லாத ஒருத்தி எடுத்துச் செய்தாள், அதை வீட்டுக்காரன் விட்டுவிட்டான் என்றால் எந்தத் தம்பி பொறுப்பான்?

சிவனாண்டி மெதுவாகத்தான் பேசினான். "பொறந்த வீடுன்னு நான் ஒருத்தன் உசுரோட இருக்கேன் மச்சான்."

எடுக்கச் சொன்னது நான்தான், நீ வந்துகொண்டிருக்கிறாய் என்று தெரியாது, வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், எனக்குப் புத்தி ஓடவில்லை என்று ஆண்டிச்சாமி முன்னும் பின்னுமாக ஏதேதோ சொன்னார். மீனாவின் மேல் கோபப்படாதே என்றார். அவன் எதையும் காதில் வாங்கிய மாதிரித் தெரியவில்லை. சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தான். வைத்துவிட்டு, அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றான்.

மீனா தயங்கித் தயங்கி மாடிப்படி ஏறினாள்.

சோலையம்மாள் கிளினிக்குக்குப் போகிற நீலப் புடவையில், மாஸ்க்கோடு இறங்கி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, நிலைக்கு வெளியே நின்றுகொண்டார். ஏதோ தப்புப் பண்ணிவிட்டு நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என்ன சேலை போட்டீர்கள் என்று கேட்டான் சிவனாண்டி. அரக்குக் கலர், பச்சைக் கரை, தீபாவளிக்குக் கிளினிக்கில் கொடுத்தது, கட்டாமல் வைத்திருந்தேன், அதைவிட நல்லதாக என்னிடம் வேறு இல்லை என்றார் அவர்.

"கோடி போடயில இன்னாரு கோடின்னு பேரு சொல்லணும். நீங்க என்ன சொல்லிப் போட்டீக?"

ஆண்டிச்சாமி நிமிர்ந்தார். அவருக்கு இது தெரியாது. குளிப்பாட்டிக் கோடி போடும்போது பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்வார்கள். ஆம்பளைகள் வெளியேதான் நிற்பார்கள். அன்றைக்கு உள்ளே இருந்தது, பாஸ் வாங்கி வந்து சேர்ந்திருந்த மீனாவும் சோலையம்மாளும் மட்டும்தான். மறைப்புப் பிடிக்கக்கூட வேறு ஆள் இல்லை. மீனா அழுத அழுகையில் அவள் காதில் எது விழுந்திருக்கும்?

சோலையம்மாள் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கினார்.

"ஒங்க பேரு எனக்குத் தெரியாதுண்ணே. அக்கா எப்பப் பாத்தாலும் கொட்டாம்பட்டித் தம்பி, கொட்டாம்பட்டித் தம்பின்னுதான் சொல்லும். அதுனால கொட்டாம்பட்டித் தம்பி கோடின்னு சொல்லித்தான் போட்டேன். எம்பேர நான் சொல்லல."

அடுப்பில் வைத்த பருப்பு பொங்கி வழிகிற வாடை வந்தது. மீனா அதை அணைக்கப் போகவில்லை.

சிவனாண்டி அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதாவது சொல்லுவான் என்று ஆண்டிச்சாமி காத்திருந்தார். திட்டினாலும் பரவாயில்லை. ஒரு வார்த்தை பேசினால் போதும். அவன் துண்டை உதறி மறுபடி மூக்கைச் சுற்றிக் கட்டினான். மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கினான். நிலையைத் தாண்டும்போது சோலையம்மாள் ஒதுங்கி வழிவிட்டார். அவருக்கு முன்னால் ஒரு கணம் நின்றான், குனிந்து செருப்பை மாட்டினான், கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

மீனா வாசலுக்கு ஓடிவந்தாள். "மாமா ஒண்ணுமே சொல்லாமப் போறாரேப்பா. கோவமா?"

"கேத வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்ல மாட்டாக ஆத்தா. சும்மா எந்திரிச்சுப் போயிருவாக. அதான் முறை" என்றார் ஆண்டிச்சாமி.

மகளுக்குச் சொல்லியாகிவிட்டது. அவருக்கு யார் சொல்லுவார்கள்? கேத வீட்டிலிருந்து சொந்தக்காரனும் சொல்லாமல்தான் போவான். உறவே வேண்டாம் என்று முறித்துக்கொண்டு போகிறவனும் சொல்லாமல்தான் போவான். முதுகைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டைப் பிடித்துக்கொண்டு அவன் போவதையே பார்த்தார். மாட்டுத்தாவணிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். கொட்டாம்பட்டி பஸ் அங்கேதான். தெருமுனைக்குப் போன சிவனாண்டி, அங்கே டீக்கடையில் நின்ற ஒருவரிடம் ஏதோ வழி கேட்டான். அவர் கையைக் காட்டினார். அவன் பையைக் கக்கத்திலிருந்து எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். வலது பக்கம் திரும்பி நடந்தான்.

அந்தப் பக்கம்தான் ஒச்சாயியைக் கொண்டுபோன தத்தனேரி மயானம். நடந்து போகிற தூரமா அது? இந்த வெயிலில்?

"நீங்களும் போங்கப்பா. ஓடுங்க" என்றாள் மீனா.

ஆண்டிச்சாமி ஒரு காலைத் தெருவில் வைத்தார். மறுகாலை எடுக்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடி போகிறபோது பின்னாலேயே புருஷன் போகலாமா, கூடாதா? முறை என்று ஒன்று இருக்குமே. இந்த மாதிரி ஒன்று தெரியாமல் அவர் முழித்த போதெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் ஒச்சாயி ஒருத்திதான்.